மடங்கள் இருந்த வீதி

மின்சார வாகனங்களைப் பற்றி நாட்டிலே பெரும் ஆரவாரம் எழுந்திருக்கிறது. பத்திரிகைகளின் முழுப்பக்க விளம்பரங்களைப் பார்க்கின்ற ஒருவர், இலங்கை முழுவதும் ஒரே இரவில் பெற்றோல் வாடையற்ற பூலோக சுவர்க்கமாக மாறிவிட்டதோ என்று ஐயுறக்கூடும். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் நீங்கியது. நீங்கியதும் ஜப்பானிய வாகனங்களோடு சீனத்து மின்சாரக் கார்களும் கப்பல் கப்பலாக வந்திறங்கின. அவ்வாண்டில் வாகனங்களுக்காக நாடு செலவிட்ட அந்நியச் செலாவணி நூறு கோடி டொலரைத் தாண்டியது. இந்த டொலர் எங்கிருந்து வந்தது? வெளிநாடுகளில் உழைக்கும் எம்மவர் 2024ஆம் ஆண்டில் மட்டும் அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கு மேல். அந்தத் தொகையிலே, எமது கரையோரக் கிராமங்களிலிருந்து குழந்தைகளைப் பாட்டிமாரிடம் விட்டுவிட்டு மத்திய கிழக்குக்குப் போன தாய்மாரின் வியர்வையும் இருக்கிறது. ஆகவே, அந்தக் கார்கள் எங்கே ஓடுகின்றன, எங்கே மின்னேற்றிக்கொள்கின்றன, அவற்றுக்கான மின்னேற்ற நிலையங்களை யார், எங்கே, யாருடைய வசதிக்காக நிறுவுகிறார்கள் என்று கேட்கும் உரிமை கொழும்புவாசிக்கு மட்டும் உரியதன்று. பெரியகல்லாற்றுவாசிக்கும் அது உண்டு.

விடை கண்முன்னே இருக்கிறது. கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நட்சத்திர விடுதிகளின் முற்றங்களிலும் பெரிய அங்காடிகளின் வாகனத் தரிப்பிடங்களிலும் அதிவேகப் பாதைகளின் ஓய்விடங்களிலும் மின்னேற்றிகள் முளைக்கின்றன. அங்கிருந்து கிழக்கே வர வர அவை அருகுகின்றன. எங்கேனும் ஒன்று எட்டிப் பார்க்குமானால், அது பெரும்பாலும் உல்லாசப் பிரயாணியின் வருகையை எதிர்பார்த்தே எட்டிப் பார்க்கிறது. இதிலே வியப்படைய எதுவுமில்லை. மின்னேற்றி ஒன்றை நிறுவுகின்ற கொம்பனி, அது நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் வேலை செய்யும் என்ற ஒரே கணக்கைத்தான் போடும். இயந்திரத்தின் விலையும் கம்பியின் விலையும் மின்மாற்றியின் விலையும் பம்பலப்பிட்டியிலும் வெல்லாவெளியிலும் ஒன்றே. வந்து நிற்கும் வாகனங்களின் எண்ணிக்கைதான் வேறு. இலாபத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் வெல்லாவெளிக்கு மின்னேற்றி என்றைக்குமே வராது. அதற்காகக் கொம்பனிக்காரரைத் திட்டிப் பயனில்லை; வேப்பமரத்தடியில் நின்று மாம்பழம் விழவில்லையே என்று கோபிப்பது போலாகும் அது. திட்டப்பட வேண்டியவர்கள், கொம்பனிக்காரரின் கணக்கையே நாட்டின் திட்டம் என்று ஏற்றுக்கொண்டிருப்பவர்கள்.

எமது வீதியின் கதையைச் சற்றே சொல்ல வேண்டும். கொழும்பில் புறப்பட்டு இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை எனச் சுற்றி வந்து மட்டக்களப்பில் முடிவது ஏ-4 நெடுஞ்சாலை. நானூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பாதை தன் பயணத்தின் கடைசிப் பகுதியில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக ஒடுங்கிய ஒரு நிலத்துண்டின் மேல் ஓடுகிறது. பெரியகல்லாறு அந்த நிலத்துண்டின் மேல் இருக்கிறது. அதே வீதியில் வடக்கே போனால் கோட்டைக்கல்லாறு, ஓந்தாச்சிமடம், களுவாஞ்சிகுடி. இன்னும் போனால் குருக்கள்மடம். ஓந்தாச்சிமடம், குருக்கள்மடம் என்னும் இந்தப் பெயர்களை வாசகர்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் மனிதர் பயணம் செய்த காலத்தில், வழிப்போக்கன் களைப்பாறவும் மாடு தண்ணீர் குடிக்கவும் இடம் வேண்டும் என்று எண்ணிய சமுதாயத்தின் சொல் மடம் என்பது. மடம் கட்டியவன் வழிப்போக்கர் தொகையை எண்ணிப் பார்த்து இலாபம் வரும் என்று கண்டு கட்டவில்லை. இன்றும் கதிர்காம யாத்திரைக் காலத்தில் இக்கரையோரம் நெடுகிலும் தண்ணீர்ப்பந்தல் போடுகின்ற இளைஞர்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று ஆய்வறிக்கை தயாரித்துவிட்டுப் பந்தற்கால் நடுவதில்லை. பந்தல் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் யாத்திரிகன் நடக்கிறான்.

மின்னேற்ற நிலையத்தின் இயல்பும் இதுவே. "முதலில் வாகனங்கள் வரட்டும், பிறகு நிலையங்களைப் பற்றி யோசிப்போம்" என்று சொல்லுகின்ற உத்தியோகத்தர், மரம் முந்தியதா விதை முந்தியதா என்று விவாதித்துக்கொண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டிருக்கும் விவசாயியை ஒத்தவர். வழியில் மின்னேற்ற முடியும் என்ற நிச்சயமின்றி மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எவரும் மின்சார வாகனம் வாங்கமாட்டார். வாங்காத காரணத்தினால் நிலையமும் வராது. இந்தச் சுழலை உடைக்கக்கூடிய கை ஒன்றுதான் உண்டு. அது பொதுப் பணத்தின் கை.

பொதுப் பணம் எமது பகுதிக்கு வந்த வரலாறும் எமக்குத் தெரியும். புகையிரதம் 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்தது. வந்து அங்கேயே நின்றது. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் தண்டவாளம் நீளும் என்ற பேச்சு, தேர்தலுக்குத் தேர்தல் புதுச் சாயம் பூசிக்கொண்டு மேடையேறுவதை மூன்று தலைமுறைகள் கேட்டாகிவிட்டது. தண்டவாளம் நீளவில்லை. மட்டக்களப்புக்குத் தெற்கே இருக்கின்ற இலட்சக்கணக்கான மக்கள் வீதியை மட்டுமே நம்பியிருக்கிறார்கள். வீதியை மட்டுமே நம்பியிருக்கும் மக்களுக்கு வீதியில் ஓடுவதற்கான எரிபொருள் எது, அது எங்கே கிடைக்கும் என்பது சோற்றுக்கு அடுத்த பிரச்சினை. புகையிரதத்தில் நிகழ்ந்தது மின்னேற்ற வலைப்பின்னலிலும் நிகழப்போகிறது என்பதே எமது அச்சம்.

இந்த இடத்தில், இப்பத்திரிகையின் வாசகர்கள் சிலர் எம்மைக் குறுக்கிட்டுக் கேட்பார்கள் என்பதை நாம் அறிவோம். "மின்சாரக் கார் பணக்காரனின் விளையாட்டுப் பொருள். அரிசி விலையும் பால்மா விலையும் இப்படி இருக்கையில், கார்க்காரனுக்கு மின்சாரம் கொடுக்கவா முற்போக்காளர் பேனா பிடிப்பது?" நியாயமான கேள்வி. ஆனால் அது பாதி உண்மையின் மேல் எழுப்பப்பட்ட கேள்வி. பணக்காரனுக்குப் பொது மின்னேற்ற நிலையம் அத்தனை அவசியமில்லை. அவனுக்குச் சொந்த வீடு இருக்கிறது. வீட்டிலே வண்டி நிறுத்தும் கொட்டகை இருக்கிறது. கூரையில் சூரிய மின்தகடு இருக்கிறது. சுவரில் தனக்கென ஒரு மின்னேற்றி இருக்கிறது. இரவு பத்தரை மணிக்குப் பிறகு கட்டணம் குறைகின்ற வேளையில் மின்னேற்றிக்கொள்ளும் வசதியான மின்மானியும் அவனுக்குக் கிடைக்கும். பொது நிலையம் யாருக்கு வேண்டும் என்றால், இவை ஒன்றும் இல்லாதவனுக்கு வேண்டும். பொதுக் கிணறு யாருக்கு வேண்டும் என்பதைப் போன்றதே இது.

கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். கல்லாற்றுச் சந்தியிலே முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கின்ற ஒருவர் நாளொன்றுக்கு நூறு கிலோமீற்றர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றுகிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறார், மீன் ஏற்றுகிறார், பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போய் வருகிறார். லீற்றருக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் என்றால் நாளுக்கு நான்கு லீற்றர் பெற்றோல். 2025ஆம் ஆண்டில் பெற்றோல் விலை லீற்றருக்கு 300 ரூபாயை ஒட்டியே நின்றது. ஆகவே நாளுக்குச் சுமார் 1,200 ரூபாய் எரிந்து புகையாயிற்று. அதே தூரத்தை மின்சார முச்சக்கர வண்டி ஏறத்தாழ எட்டு அலகு மின்சாரத்தில் ஓடிவிடும். அலகுக்கு ஐம்பது ரூபாய் என்று வைத்தாலும் 400 ரூபாய். மாதத்தில் இருபத்தைந்து நாள் ஓடினால் மிச்சம் இருபதாயிரம். ஒரு குடும்பத்துக்கு அது எத்தகைய தொகை என்பதை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் அந்த எட்டு அலகை அவர் எங்கே பெறுவது? வீட்டிலே என்பீர்கள். வீட்டு மின்சாரக் கட்டணம் படிமுறையில் ஏறுகின்ற கட்டணம். 30 அலகு, 60 அலகு, 90 அலகு எனப் படிப்படியாகக் கூடி, 180 அலகைத் தாண்டினால் உச்சப் படிக்குப் போய்விடும். வண்டிக்கு மட்டும் மாதத்துக்கு 200 அலகு. இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள அவருடைய சிறிய வீடு, வண்டியினால் ஒரே மாதத்தில் மாளிகைக்காரரின் கட்டண வரிசையில் போய் நின்றுவிடும்! வறியவர் குறைவாகவே மின்சாரம் செலவிடுவர், செல்வர் மிகுதியாகச் செலவிடுவர் என்ற நல்லெண்ணத்தோடு வகுக்கப்பட்ட கட்டண முறை, வறியவர் தம் தொழிற்கருவியை வீட்டிலே மின்னேற்ற முனைந்தவுடன் அவருக்கே பகையாகிவிடுகிறது. வாடகை வீட்டில் இருப்பவர் நிலை இன்னும் மோசம். வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். ஆகவே சந்தியில், அவர் வண்டி நிறுத்தும் தரிப்பிடத்திலேயே, நியாயமான தனிக் கட்டணத்தில் பொது மின்னேற்றி வேண்டும் என்கிறோம்.

கார் என்றாலும்கூட, எமது பகுதிக்கு வந்து சேர்வது புத்தம்புதுக் கார் அன்று. 2015ஆம் ஆண்டளவில், மின்சார வாகனங்களுக்கு வரி குறைவாக இருந்த சிறு இடைவேளையில், நிசான் லீஃப் கார்கள் நாட்டுக்கு ஆயிரக்கணக்கில் வந்தன. ஆரம்ப காலத்து லீஃபின் பற்றரி 24 கிலோவாற்று மணி. புதிதாக இருந்தபோதே ஒரு மின்னேற்றத்தில் நூறு மைல் ஓடுவது அரிது. பத்தாண்டு கழித்து, பற்றரி நலிந்து, கை மாறிக் கை மாறி, விலை இறங்கிய பிறகுதான் அத்தகைய வண்டி சாதாரண அரச உத்தியோகத்தருக்கும் சிறு வியாபாரிக்கும் எட்டுகிறது. அப்போது அது ஓடக்கூடிய தூரம் பாதியாகக் குறைந்திருக்கும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். நானூறு கிலோமீற்றர் ஓடவல்ல புதுக் காரின் சொந்தக்காரன் வழியில் நிற்காமலே போய்ச் சேருவான். அறுபது எழுபது கிலோமீற்றருக்கு ஒருமுறை நிற்க வேண்டியவர் பழைய வண்டிக்காரர். வலைப்பின்னல் எங்கே நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நியாயம் வேண்டுமா? வறிய பிரதேசங்களில் நிலையங்கள் நெருங்கியும் செல்வப் பிரதேசங்களில் விலகியும் இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. பழைய லீஃபுக்குப் பொருந்துகின்ற செருகி வேறு, இன்று வருகின்ற சீனக் கார்களின் செருகி வேறு என்பதையும் சேர்த்து எண்ணுக. புதிதாக நிறுவப்படும் நிலையம் புதுக் காருக்கு மட்டும் வாய் திறக்குமானால், பழைய வண்டிக்காரர் நிலையத்துக்கு முன்னே நின்றும் பட்டினி.

2022ஆம் ஆண்டை நாடு மறந்துவிட்டது போல் பாவனை செய்கிறது. நாம் மறக்கவில்லை. ஏப்பிரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு அன்றி எரிபொருள் விற்பதில்லை என்று அறிவித்தது. பெற்றோல் செட் வாசலில் இரவு பகலாக மனிதர் படுத்துக் கிடந்தார்கள். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, திறந்திருந்த நாட்களிலும் வாவிக்கு அக்கரையில் படிப்பிக்கும் ஆசிரியர் பலர் போய்ச்சேர வழியின்றி நின்றார்கள். அந்நாட்களில் எமது வகுப்புகளில் காலியாய்க் கிடந்த வாங்குகளை நாம் இன்னும் மறக்கவில்லை. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்தார்கள். ஐந்து லீற்றரில் நூற்றிருபத்தைந்து கிலோமீற்றர். ஏழு நாட்களுக்கு ஒரு நாள் பிழைப்பு. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே தாவலில் ஏறியது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் கரையிலே கவிழ்ந்து கிடந்ததை இந்தக் கரையோரத்தார் எல்லோரும் பார்த்தார்கள். கப்பலில் எண்ணெய் வராவிட்டால் பெரியகல்லாற்றில் அடுப்பு எரியாது என்ற உண்மையை அந்த ஆண்டு நிர்வாணமாக்கிக் காட்டிற்று.

"அந்த ஆண்டில் மின்சாரம் மட்டும் இருந்ததா? மார்ச் இறுதியில் பதின்மூன்று மணிநேரம் வெட்டினார்களே!" என்று ஒருவர் கேட்கலாம். வெட்டினார்கள்; எண்ணெய் இல்லாததால் வெட்டினார்கள். ஆனால் ஜூன், ஜூலையில் மின்வெட்டு சில மணிநேரமாகச் சுருங்கிவிட்டது. பெற்றோல்தான் சுருங்கிச் சுருங்கி இல்லாமற் போயிற்று. அந்த வாரங்களில் மின்சார வாகனம் வைத்திருந்தவன் ஓடினான். அவன் யார், எந்த ஊரான் என்று பார்த்தால், எமது வாதம் விளங்கும்.

அவ்வாண்டிலேயே அரசாங்கம் ஒரு விநோதமான திட்டத்தையும் கொண்டுவந்தது. வங்கி மூலம் டொலர் அனுப்புகின்ற வெளிநாட்டுத் தொழிலாளர், தாம் அனுப்பிய தொகைக்கு ஏற்ப மின்சார வாகனம் இறக்குமதி செய்ய அனுமதி பெறலாம் என்றது. கேட்க நன்றாய் இருந்தது. ஆனால் அனுப்பும் தொகைக்கு ஏற்பவே சலுகை என்றால், குவைத்திலே பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு அது எந்தக் காலத்தில் எட்டும்? அப்படியே எட்டினாலும், படுவான்கரையில் இருக்கும் தன் குடும்பத்துக்கு வண்டியை அனுப்பிவிட்டு, அதை எங்கே மின்னேற்றுவது என்று அவள் யாரைக் கேட்பது? வாகனத்தைப் பற்றி மட்டும் யோசித்து, அதற்கு உணவூட்டும் இடத்தைப் பற்றி யோசிக்காத திட்டம், தொட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பாலை மறந்த மாமனின் சீரை ஒத்தது.

இனி, இந்தப் பிரச்சினையின் உள்ளே இருக்கின்ற பெரிய மடமைக்கு வருவோம். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. உலகமே சிரித்தது. குரங்கின் மேற் பழியைப் போட்டுவிட்டு அமைச்சர்கள் தப்பிக்கலாம். ஆனால் ஒரு குரங்கு முழு நாட்டையும் வீழ்த்தக்கூடிய நிலை எப்படி வந்தது? விடுமுறை நாளின் பகற்பொழுதில் மின்சாரத் தேவை குறைவு. கூரைகளிலே சூரிய மின்சாரம் மிகுதி. அதனால் மின்தொகுதி ஆட்டங்காணும் நிலையில் இருந்தது. இரண்டு மாதங்கள் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, ஏப்பிரல் 13 முதல் 21 வரை, கூரைமேற் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. சூரியனை அணைத்துவிடுங்கள் என்று கேட்கும் காலத்தையும் நாம் கண்டோம்! டொலர் கொடுத்து எண்ணெய் வாங்குகின்ற நாடு, விலையின்றிக் கிடைத்த வெயிலை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிற்று. அந்த ஒன்பது நாட்களிலும் கல்லாற்றுச் சந்தியில் முச்சக்கர வண்டிகள் 300 ரூபாய்ப் பெற்றோலை எரித்துக்கொண்டுதான் ஓடின.

பகலில் மிகுகின்ற மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ள ஆயிரக்கணக்கான வாகனப் பற்றரிகளைவிடச் சிறந்த பாத்திரம் எது? கிழக்கு மாகாணத்துக்கு வெயில் பற்றாக்குறை உண்டென்று யாரும் சொல்லமாட்டார்கள். சம்பூரில் இந்தியாவின் உதவியோடு அமையவிருக்கும் 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையத்தின் தொடக்க விழாவை 2025 ஏப்பிரல் 5ஆம் திகதி இரு நாட்டுத் தலைவர்களும் கொழும்பில் இருந்தபடியே நடத்தினார்கள். கிழக்கின் வெயிலிலே விளையும் மின்சாரம் கம்பி வழியே மேற்கே போகட்டும். அதிலே எமக்குப் பொறாமை இல்லை. போகிற வழியில் எமது சந்திகளிலும் இரண்டு செருகிகள் இருக்கட்டும் என்பதுதான் எமது கோரிக்கை. பகல் மின்னேற்றம் பெருகினால், மின்சார வாகனம் நுரைச்சோலையின் நிலக்கரியைத்தானே தின்கிறது என்று குறைசொல்வோரின் வாயும் ஓரளவு அடைபடும்.

"பொதுப் பணத்தில் மின்னேற்ற நிலையம் என்பது நடைமுறைக்கு ஒவ்வாதது" என்று பெருந்தலைகள் சொல்லக்கூடும். உலகம் அப்படிச் சொல்லவில்லை. நோர்வேயில் ஈனோவா என்னும் அரச நிறுவனம் பிரதான வீதிகளில் 50 கிலோமீற்றருக்கு ஒரு விரைவு நிலையம் என்று வகுத்து 2015 முதல் உதவிப் பணம் வழங்கியது. அந்தச் செல்வ நாட்டிலும், வடகோடியான ஃபின்மார்க் பகுதிக்கு முதலில் எந்தக் கொம்பனியும் முன்வரவில்லை; அப்பகுதிக்கெனத் தனியே உதவி ஒதுக்கிய பிறகே நிலையங்கள் எழுந்தன. மேற்கு அவுஸ்திரேலியாவில் மனித வாசனையே அற்ற பாலைப் பெருவழிகளில் 49 இடங்களில் நிலையம் நிறுவியது, அரசுக்குச் சொந்தமான மின்சார நிறுவனங்கள். அயலில் இந்தியா, நெடுஞ்சாலையின் இருமருங்கும் 25 கிலோமீற்றருக்கு ஒன்று என்று 2018இலேயே வழிகாட்டு நெறி வகுத்தது. நெறி வகுத்ததற்கும் நிலையம் வேலை செய்வதற்கும் இடையே தூரம் இருக்கிறது என்றாலும், தூரத்தை அளக்க ஓர் அளவுகோலாவது அங்கே இருக்கிறது. இலங்கையின் கரையோர வீதிக்கு அப்படியொரு அளவுகோலை யார் வகுப்பது?

இவ்வளவும் சொன்ன பிறகு, எமக்கு வேண்டியது எது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், "கிழக்குக்கும் கொடுத்துவிட்டோம்" என்று படம் பிடித்துக் காட்டுவதற்காக ஒரு பிரமாண்டமான விரைவு மின்னேற்றியை மட்டக்களப்பு நகர நடுவில் நட்டுவிட்டுப் போகின்ற ஆபத்தும் இருக்கிறது. ஒற்றை மின்னேற்றி வலையாகாது. அது பழுதுபட்ட நாளில் வழிப்போக்கனின் நிலை, வற்றிய கிணற்றுக்கு முன்னால் நிற்பவனின் நிலை. கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்கின்ற எமது கரையில், மாரி வெள்ளம் வீதியை மூடுகின்ற எமது கரையில், பழுது என்பது எப்போதாவது நேர்வதன்று. 1978 நவம்பரில் சூறாவளி மின்கம்பங்களைப் பனைகளோடு சேர்த்துச் சாய்த்ததையும், 2004இல் ஆழிப்பேரலை இதே பெரியகல்லாற்றில் செய்த அழிவையும் கண்டவர்கள் இங்கே உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே, எங்கே நிறுவினும் இரண்டாக நிறுவுங்கள். நிலமட்டத்துக்கு மேலே உயர்த்தி நிறுவுங்கள். திருத்துகிறவன் கொழும்பிலிருந்து வரக் காத்திராமல் இங்கேயே ஒருவனைப் பயிற்றி வையுங்கள். எமது பள்ளிக்கூடங்களில் தொழில்நுட்பப் பாடம் படித்துவிட்டு வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அத்தகைய வேலையை மாட்டோம் என்று சொல்லப்போவதில்லை.

விரைவு மின்னேற்றிக்குக் கனத்த மின்னோட்டம் வேண்டும். ஐம்பது கிலோவாற்று இயந்திரம் ஒன்று, கிராமத்து மின்மாற்றி ஒன்றின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தனியே விழுங்கிவிடும். அதற்கென மின்மாற்றியைப் பெருப்பிக்க வேண்டும். களுவாஞ்சிகுடியில் அது தேவை. ஆதார வைத்தியசாலையும் பஸ் நிலையமும் பிரதேச செயலகமும் அங்கே இருக்கின்றன. ஆனால் முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அத்தகைய இயந்திரமே வேண்டியதில்லை. மழைக்கு ஒதுங்கக்கூடிய ஒரு கூரை, பதினைந்து அம்பியர் செருகி நான்கோ ஐந்தோ, அவற்றுக்கு மின்மானி ஒன்று: இவ்வளவே. மதியச் சாப்பாட்டு வேளையில் இரண்டு மணிநேரம் செருகிவைத்தால் பிற்பகல் ஓட்டத்துக்குக் காணும். பட்டிருப்புப் பாலத்தடியிலும், குருமண்வெளித் துறையிலும், கல்லாற்றுச் சந்தியிலும், அக்கரையில் மண்டூரிலும் வெல்லாவெளியிலும் கொக்கட்டிச்சோலையிலும் இப்படியொரு கொட்டகை போடுவதற்கு ஒரு விரைவு மின்னேற்றியின் விலைகூடப் பிடிக்காது. ஆடம்பரம் இல்லாததால்தானோ என்னவோ, இது எந்தத் திட்ட வரைபடத்திலும் இடம்பெறுவதில்லை. யுத்த காலத்திலே ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றிக் குப்பி விளக்கில் படித்த படுவான்கரைக் கிராமங்களுக்கு, மின்சாரம் என்பது விளக்கு மட்டுமன்று என்று காட்டவேண்டிய கடமையும் இதிலே அடங்கியிருக்கிறது.

மற்றொன்று. நிலையத்தில் காசு வாங்க வேண்டும். இது வேடிக்கையாகத் தோன்றலாம். இன்று தனியார் நிறுவும் மின்னேற்றிகள் பலவற்றைத் திறப்பதற்குக் கைப்பேசியில் ஒரு செயலியும் வங்கி அட்டையும் வேண்டும். பழைய கைப்பேசி வைத்திருப்பவனும், வங்கி அட்டை இல்லாதவனும், தரவுக்குப் பணம் முடிந்து போனவனும் மின்சாரத்துக்கு முன்னால் நின்று கையைப் பிசைய வேண்டியதுதான். கைக்காசு கொடுத்து மின்சாரம் வாங்க முடியாத நிலையம் பொது நிலையம் ஆகாது. தபாற்கந்தோரை எண்ணிப் பாருங்கள். கொழும்பிலும் பெரியகல்லாற்றிலும் முத்திரைக்கு ஒரே விலை. கிராமத்துத் தபாற்கந்தோர் இலாபம் ஈட்டவில்லை என்பதற்காக அதனைக் கடற்கரையில் கொண்டுபோய்ப் புதைத்துவிடவில்லை. மின்சாரக் கட்டணமும் இதுவரை நாடு முழுவதற்கும் ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் அதற்கு 2025இல் வந்த திருத்தமும் மின்சார சபையைப் பல கொம்பனிகளாகப் பிரிப்பதற்கு வழி செய்தன. எத்தனையாகப் பிரித்தாலும், எந்தப் பெயர் சூட்டினாலும், "உங்கள் பகுதி நட்டப் பகுதி" என்ற சொல் கணக்குப் புத்தகத்திலிருந்து எழுந்து எமது முகத்தில் அறையாமல் பார்த்துக்கொள்வது எமது பிரதிநிதிகளின் வேலை.

அந்தப் பிரதிநிதிகள் தூரத்தில் இல்லை. 2025ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி நடந்த தேர்தலிலே மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபைக்கும் போரதீவுப்பற்றுப் பிரதேச சபைக்கும் உறுப்பினர்களைத் தேர்ந்து அனுப்பியவர்கள் நாமே. தெரு விளக்குக்கும் சந்தைக் கட்டடத்துக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் பொறுப்பான சபைகள் இவை. சந்தியில் நிலம் இவற்றின் கையில் இருக்கிறது. நாளை ஒரு தனியார் கொம்பனி வந்து, இருபது வருடக் குத்தகைக்குச் சந்தி நிலத்தைத் தா, மின்னேற்றி போட்டுத் தருகிறேன், கட்டணத்தை நானே தீர்மானிப்பேன் என்று கேட்கும்போது, கையெழுத்திடுமுன் இவர்கள் யாரைக் கலந்தாலோசிக்கப் போகிறார்கள்? முச்சக்கர வண்டிச் சங்கத்தாரையும் மீனவர் சங்கத்தாரையும் கூட்டி ஒருமுறையேனும் கேட்டதுண்டா? தேர்தல் காலத்தில் எமது தெருக்களில் வாக்குக் கேட்டு வந்த ஒலிபெருக்கிகளெல்லாம் முச்சக்கர வண்டியின் கூரையில் கட்டப்பட்டே வந்தன. அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் இன்றும் அதே தரிப்பிடத்தில், அதே பெற்றோல் மணத்தில், கூலிக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உறுப்பினர்கள் முதலில் அங்கே போய், நாளுக்கு எத்தனை லீற்றர் அடிக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். மிகுதிக் கணக்கைப் போட்டுக் கொடுக்க எமது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே போதும்.